ஏவுதளத்துக்கு அருகே வாழ்கிறோம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் விண்வெளிக் கேள்விகள்

திருவொற்றியூர்க் கடற்கரையிலும், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை மொட்டை மாடிகளிலும் சிறு தொலைநோக்கி ஒன்றை வைத்து வானம் காட்டும் மாலைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பாதி. மீதிப் பேர் வலை பின்னுபவர்கள், துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், பேரப் பிள்ளைகளை அழைத்து வந்த ஆயாக்கள். ஒவ்வொரு விடையிலும் கருவி அளந்து கண்டது எது, அதிலிருந்து அறிஞர்கள் உய்த்துணர்வது எது, இன்னும் விவாதத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறேன். செய்தித் தலைப்புகளில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்து வருவதால்தான் பலருக்கும் குழப்பம் உண்டாகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போது எங்கள் மாடியிலிருந்தே தெரிகிறதே, எப்படி? எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

திருவொற்றியூரிலிருந்து ஏவுதளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கிட்டத்தட்ட நேர் வடக்கே இருக்கிறது. சாலை வழியாகச் சென்றால் பழவேற்காடு ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் தொலைவு கூடுதலாகத் தோன்றுகிறது. ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும் கணம் நமக்குத் தெரியாது. கட்டடங்களும் அடிவானத்துப் புகைமூட்டமும் மறைத்துவிடும். அது 10 கிலோமீட்டர் உயரத்தை எட்டும்போது நம் அடிவானத்திலிருந்து 9 பாகை அளவுக்கு மேலே வந்திருக்கும். கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டி வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். ஆகவே வடக்கு அடிவானத்துக்கு மேலே ஒரு முட்டி அளவு உயரத்தில் பார்வையை நிறுத்தி வைத்தால் போதும். பிறகு அது வலப்பக்கமாக, அதாவது கடலை நோக்கி வளைந்து செல்வதைக் காணலாம்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பரவுவதால், காற்று வாகாக இருந்து உறுமல் கேட்கவே செய்தாலும், அது மூன்று நிமிடம் பிந்தித்தான் வரும். அதற்குள் ராக்கெட் கண்ணை விட்டுப் போயிருக்கும். அந்த உறுமலுக்காக மாடியில் யாரும் பேசாமல் நிற்கும் அந்த மூன்று நிமிடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஏவுகிற நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்களே, அது தேவையா?

தேவைதான். எரிந்து முடிந்த அடுக்குகளும் பக்கவாட்டு உந்திகளும் முதல் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே கழன்று வங்கக் கடலில் விழுகின்றன. ஏதேனும் பிழை நேர்ந்தால் முழு ராக்கெட்டையுமே கடலுக்கு மேலே வைத்து அழிக்க வேண்டியிருக்கும். ஆயினும் ஒரு நாள் தொழில் நின்றால் ஒரு நாள் வருமானம் போகிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. நாடு கொண்டாடும் ஒவ்வொரு ஏவுதலிலும் அந்தக் குடும்பங்களின் பங்கு இருக்கிறது என்று நாம் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதோடு சேர்த்துக் கேட்கப்படுவது குலசேகரன்பட்டினத்தின் புதிய ஏவுதளம் பற்றி. துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கி அனுப்ப வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே இலங்கை இருப்பதால் ராக்கெட் முதலில் தென்கிழக்காகச் சென்று பிறகு திரும்ப வேண்டியிருக்கிறது; அதில் எரிபொருள் வீணாகிறது. தூத்துக்குடி மாவட்டக் கரையிலிருந்து ஏவினால் தெற்கே திறந்த கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய ராக்கெட்டுகளுக்கு அது பெரிய வசதி.

சந்திரயான்-3 நிலவில் இறங்கியது சரி, புதிதாக என்ன கண்டுபிடித்தது?

2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35 மணிக்குக் கிளம்பி, ஆகஸ்ட் 23 அன்று அதன் இறங்கு கலமான விக்ரம் தரையிறங்கியது. தென் துருவத்திலேயே இறங்கியதாகப் பலரும் சொல்கிறார்கள். இறங்கிய இடம் ஏறத்தாழ 69 பாகை தெற்கு. துருவத்துக்கு அதுவரை அவ்வளவு அருகே எந்த நாடும் மெல்லத் தரையிறங்கியதில்லை என்பதே சரியான கூற்று.

நேரடியாக அளக்கப்பட்டவற்றை முதலில் சொல்கிறேன். பிரக்யான் ஊர்தி லேசர் கதிரால் மண்ணைச் சுட்டு, எழுந்த ஒளியைப் பிரித்துப் பார்த்துக் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. விக்ரமிலிருந்து மண்ணுக்குள் செருகப்பட்ட வெப்பக் கருவி, மேற்பரப்பில் 50 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத்தையும், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழ் 10 பாகைக் குளிரையும் காட்டியது. நடுப்பகலில் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்கால் சுடுகிறது. காலைச் சற்றுப் புதைத்தால் குளிர்கிறது. நிலவில் மணற்பொடிகளுக்கு இடையே காற்றே இல்லாததால் வெப்பம் கீழே இறங்குவது இன்னும் கடினம். துருவப் பகுதிகளில் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே பனி நிலைத்திருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இந்த அளவு வலுச் சேர்க்கிறது. பனியையே அது கண்டுவிடவில்லை.

அடுத்தது உய்த்துணர்ந்தது. பிரக்யான் 100 மீட்டரைச் சற்றே தாண்டி ஊர்ந்து, பல இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான ஆய்வு, அந்த மண் அனார்த்தோசைட் என்ற வெளிர் நிறப் பாறைவகையைச் சேர்ந்தது என்று காட்டியது. பிறந்த புதிதில் நிலவு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனமானவை அடியில் தங்க இலேசானவை மேலே மிதந்து ஆடைபோல் உறைந்தன என்ற கருத்துக்கு இது தென் பகுதியிலிருந்து கிடைத்த நேரடிச் சான்று. தமிழருக்கு இதில் தனிப்பட்ட நெருக்கம் ஒன்று உண்டு. நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தோசைட் பாறையைத்தான் பொடித்து இஸ்ரோ சோதனைகளுக்குப் பயன்படுத்தியது.

திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே தொழிலாளரின் மகனாகப் பிறந்து, அங்கே ரயில்வே பள்ளியில் படித்தவர். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நிலவில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா?

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் நம்முடையது. தண்ணீர் என்றதும் குடத்தில் பிடிக்கிற பொருளைத்தான் நினைப்போம். நிலவில் இருப்பது அப்படிப்பட்டதன்று. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 இல் இருந்த நாசா கருவி, மேற்பரப்பு மண்ணில் ஒட்டிய நீர் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டது. 2009 செப்டம்பரில் அது அறிவிக்கப்பட்டது. வெயில் படும் பகுதியிலும் நீர் மூலக்கூறு உண்டு என்று 2020 இல் வேறோர் ஆய்வு காட்டியது. அதன் அளவு ஒரு கன மீட்டர் மண்ணுக்குக் குளிர்பானக் குப்பி ஒன்று கொள்ளும் அளவே. துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில்தான் பனி கூடுதலாக இருக்கிறது. எவ்வளவு, எந்த ஆழத்தில் என்பதை இனிமேல்தான் துளையிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆதித்யா-எல்1 சூரியனுக்கு அருகே போயும் ஏன் உருகவில்லை?

அது சூரியனுக்கு அருகே போகவில்லை. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆதித்யா நம்மிடமிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், அதாவது நூறில் ஒரு பங்குத் தொலைவில் நின்று பார்க்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்து, பூமியோடு ஒத்த வேகத்தில் சூரியனைச் சுற்றிவர அதற்கு இடம் தருகின்றன. கிரகணமே படாமல் இடைவிடாது சூரியனைக் கவனிக்கலாம். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி 2024 ஜனவரி 6 அன்று அங்கே சென்று சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். உண்மையிலேயே அருகே போனது நாசாவின் பார்க்கர் கலம். 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கிச் சென்று மீண்டது.

இதனால் நமக்கென்ன பயன் என்று ஒரு விசைப்படகு ஓட்டுநர் கேட்டார். சூரியப் புயல் வீசும்போது மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டம் கலைகிறது; அதன் ஊடே வரும் ஜி.பி.எஸ். குறிகை தடுமாறுகிறது. 2024 மே 10, 11 தேதிகளில் வீசிய பெரும் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படமெடுத்தார்கள். ஆழ்கடலில் ஜி.பி.எஸ். பார்த்துக் கரை திரும்புகிறவருக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தால் அது மிகப் பெரிய உதவி.

2032 இல் ஒரு விண்கல் நம் மேல் விழும் என்றார்களே?

2024 டிசம்பர் 27 அன்று கண்டறியப்பட்ட அந்தக் குறுங்கோளின் பெயர் 2024 ஒய்ஆர்4. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 விழுக்காடு வரை ஏறியது. விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் இங்கே அச்சம் பரவியது இயல்பே. அடுத்த சில நாட்களிலேயே வாய்ப்பு ஏறத்தாழச் சுழியத்துக்கு இறங்கிவிட்டது.

ஏறிய எண் ஏன் இறங்கியது என்பதில்தான் பாடம் இருக்கிறது. இருட்டில் தொலைவில் ஒரு கப்பலின் விளக்கு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பார்வையில் அது எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாது. நம் படகும் அதன் வழிக்குள்ளேதான் இருக்கும். சிறிது நேரம் கவனித்தால் அது போகக்கூடிய வழியின் அகலம் குறுகும். குறுகும்போதும் நம் படகு அதற்குள்ளேயே இருக்கும் வரையில் மோதும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும். வழி இன்னும் குறுகி நம் படகை விட்டு விலகியதும் வாய்ப்பு ஒரேயடியாக விழும். யாரும் எதையும் மறைக்கவில்லை. அளவு துல்லியமானது, அவ்வளவே.

உண்மையிலேயே ஒன்று வந்தால் செய்ய ஒன்றுமில்லை என்று கலங்கவும் வேண்டாம். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபாஸ் என்ற சிறு பாறையில் வேண்டுமென்றே மோதியது. அப்பாறை தன் பெரிய துணையைச் சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரை மணிக்கும் சற்று மேலாகக் குறைந்தது. ஒரு வான்பொருளின் பாதையை மனிதர் மாற்றியது வரலாற்றில் அதுவே முதல் முறை.

3ஐ அட்லஸ் வேற்றுக்கோளினரின் விண்கலமா?

இல்லை, வால்மீன். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. சூரியனின் ஈர்ப்பால் கட்டி வைக்க முடியாத வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் விரைவில் வந்ததால், அது வேறொரு விண்மீன் குடும்பத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. 2017 இல் ஒன்று, 2019 இல் ஒன்று, இது மூன்றாவது. வெப்பமேற வெப்பமேற வாயுவும் தூசியும் கக்கியதும் கரியமில வாயு மிகுந்திருந்ததும் அளக்கப்பட்டவை. பூமிக்கு மிக அருகே வந்தபோதும் 27 கோடி கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. விண்கலம் என்ற பேச்சு பரவிய அளவுக்கு, வேறொரு சூரியனின் குளிரில் உறைந்த பொருள் நம் வாசலைக் கடந்து போகிறது என்ற உண்மை பரவவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

கே2-18பி என்ற கோளில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டதா?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும். அந்தக் கோள் 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு சிறு சிவப்பு விண்மீனை 33 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. பூமியைப்போல் எட்டரை மடங்கு நிறை கொண்டது. அதை யாரும் நேரில் படமெடுக்கவில்லை. அது தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது, விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு அதன் வளிமண்டலத்தினூடே புகுந்து வருகிறது. எந்தெந்த நிறங்கள் குறைந்து வருகின்றன என்று பார்த்து அங்குள்ள வாயுக்களை இனங்காண்கிறார்கள். 2023 இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இம்முறையில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் கண்டது.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, டைமெத்தில் சல்பைடு அல்லது அதைப்போன்ற மற்றொரு வாயு இருப்பதற்கான அறிகுறி கிடைத்ததாக அறிவித்தது. அந்த வாயு உங்களுக்குத் தெரியாததன்று. பூமியில் பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளே அதை உண்டாக்குகின்றன. நாம் கடல் வாசனை என்று சொல்வதில் அதற்கும் பங்கு உண்டு. காசிமேட்டுக் காற்றில் அன்றாடம் நுகரும் ஒன்றை 124 ஒளியாண்டுக்கு அப்பால் தேடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரும் வியப்பு.

ஆனால் உறுதியாகிவிட்டதா என்றால், இல்லை. அறிவிக்கப்பட்ட அறிகுறி தற்செயலாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. கண்டுபிடிப்பு என்று அறிவியல் ஏற்பதற்கு அது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போக வேண்டும். வேறு குழுக்கள் அதே தரவை மீண்டும் ஆராய்ந்து, போதிய சான்று இல்லை என்றன. மேலும் அதே வாயுவை உயிரே இல்லாத ஒரு வால்மீனிலும் கண்டிருக்கிறார்கள். ஆகவே வாயு இருப்பது உறுதியானாலும் அதை உயிர்தான் உண்டாக்கியது என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய வேறொரு செய்தி.

செவ்வாயிலாவது கண்டார்களா?

பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024 இல் ஜெசரோ பள்ளத்துக்குள் வந்து சேரும் பழைய ஆற்றுத் தடத்தில், சிறுத்தையின் புள்ளிகளைப் போன்ற தடங்கள் கொண்ட பாறையொன்றைத் துளைத்து மாதிரி எடுத்தது. பூமியில் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அப்புள்ளிகளில் உள்ளவை போன்ற கனிமங்களை உண்டாக்குவது உண்டு. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு இதை உயிர்த்தடமாக இருக்கக்கூடியது என்ற அளவிலேயே நிறுத்தியது. அந்த மாதிரி இன்னும் செவ்வாயில்தான் இருக்கிறது. கைக்கு வந்த மாதிரி வேறு: பென்னு குறுங்கோளிலிருந்து 2023 இல் கொண்டுவரப்பட்ட 121.6 கிராம் பொடியில், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. செங்கல் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

ஜேம்ஸ் வெப் பெருவெடிப்புக் கொள்கையைப் பொய்யாக்கிவிட்டதாகச் சொல்கிறார்களே?

பொய்யாக்கவில்லை. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி, வழியிலேயே அண்டம் விரிவதால் நீண்டு அகச்சிவப்பாக மாறிவிடுகிறது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட இத்தொலைநோக்கி, 6.5 மீட்டர் ஆடியால் அந்த ஒளியைப் பிடிக்கவென்றே கட்டப்பட்டது. அண்டம் பிறந்து 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து விண்மீன் திரள்களை அது காட்டியது. அவற்றுள் ஒன்றில் ஆக்சிஜன் இருப்பதைச் சிலியின் ஆல்மா தொலைநோக்கி 2025 இல் உறுதி செய்தது. ஆக்சிஜன் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்படும் பொருள். அப்படியானால் அதற்கு முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து மடிந்திருக்க வேண்டும். முதல் திரள்கள் இவ்வளவு விரைவாக, இவ்வளவு ஒளியோடு வளர்ந்தது எப்படி என்பதுதான் இப்போதைய புதிர். அண்டம் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்தது என்பதை அது அசைக்கவில்லை.

ஈர்ப்பலை ஆய்வில் சென்னைக்குப் பங்கு உண்டா?

உண்டு. ஈர்ப்பலை என்பது விண்வெளியையே நெளியவைத்துப் பரவும் அலை. இரு கருந்துளைகள் மோதிய அதிர்வு 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவானது. அதைவிடப் பன்மடங்கு நீண்ட அலைகளை, கடிகாரம்போல் சீராகத் துடிக்கும் துடிவிண்மீன்களின் துடிப்பு எப்போது முந்துகிறது, எப்போது பிந்துகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து தேடுகிறார்கள். அத்தகைய அலைகளுக்கான சான்று 2023 ஜூனில் உலகின் பல குழுக்களால் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்டது. அவற்றுள் புனேக்கு அருகேயுள்ள பெரும் ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் ஒன்று. தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் அதில் பங்கேற்கிறது.

பழைய பெருமையும் உண்டு. 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானாய்வகத்தில் 1861 இல் ஆசியா என்ற குறுங்கோள் கண்டறியப்பட்டது; அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ரயில்வே கடைப்பிடித்த மெட்ராஸ் நேரம் அங்கே கணிக்கப்பட்டதுதான். ராயபுரம் நிலையத்தின் கடிகாரம் ஒரு காலத்தில் விண்மீன்களைப் பார்த்து வைக்கப்பட்டது என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை.

இவ்வளவு விளக்கொளியும் புகையும் உள்ள நம் பகுதியிலிருந்து எதைப் பார்க்க முடியும்?

நிறையவே பார்க்கலாம். சாதாரண இருகண் நோக்கி போதும். முழங்கைகளை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் நிலவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு நிலவுகளும் தெரியும். சனிக்கு 274 நிலவுகள் என்று 2025 மார்ச்சில் கணக்காயிற்று. சிறு தொலைநோக்கியில் டைட்டன் மட்டும் தெளிவாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு தை, மாசி மாலைகளே நமக்கு ஏற்ற காலம். அப்போது கார்த்திகைக் கூட்டமும் திருவாதிரையும் தலைக்கு மேலே வந்திருக்கும். தெற்கே தாழ்வாக அகத்தியர் விண்மீன் ஒளிரும்.

வடக்கே துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், ஒரு முட்டிக்குச் சற்று மேலே, மங்கலாக நிற்கும். மணலி விளக்குகளின் ஒளிக்கு மேலே தேடினால் கிடைக்கும். தெளிந்த இரவு ஒன்றில் அதைக் கண்டு, அதன் நேர் கீழே எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அல்லது எந்தக் கோபுரம் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏவுதலின்போது, பகலாக இருந்தாலும், அந்தத் தொட்டிக்கு மேலேதான் ராக்கெட் எழும்.